உம்மு பெனிஸ்

மஞ்சூர் பஸ் ஸ்டாண்டுக்கு மேல்புறம் இருக்கும் சின்ன கிளினிக்கில் யாரையும் டோக்கன் எண் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். அங்கே நர்ஸாக இருக்கும் லோயிஸ் அதற்கு விடுவதில்லை. ஆளின் பெயர், அப்பா பெயர், ஊர் மூன்றையும் சேர்த்துத்தான் அழைப்பாள். "பாண்டியன், ஐயாவு மகன், கிண்ணக்கொரை, உள்ள வாங்க." முதலில் கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். கோர்ட்டில் கூப்பிடுவது போல இருக்கிறதே என்பார்கள். பிறகு பழகிவிடும்.

கடைவீதியில் பேக்கரி வைத்திருக்கும் அப்துல் கரீமை எங்கள் ஊர் முப்பது வருஷமாக 'அப்துல் பாய்' என்றே கூப்பிட்டு வந்தது. லோயிஸ்தான் முதன்முதலாக "அப்துல் கரீம் பாய்" என்று முழுசாக அழைத்தாள். அவர் ரொட்டி வெட்டுகிற கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"எங்க உம்மாவுக்கு அப்புறம் முழுப்பேர் சொன்னது நீங்கதான் சிஸ்டர். அப்துல்ன்னா அடியான்னு அர்த்தம். யாரோட அடியான்னு சொல்லாம பாதியில நிறுத்திடறாங்க எல்லாரும்."

"கரீம்ன்னா வாரிக் கொடுக்கறவரு. ஆண்டவனோட பேரு. அதை விட்டுப்போட்டா அப்பறம் பேருல என்னங்க இருக்குது?" என்றாள் லோயிஸ்.

இதெல்லாம் அவள் சவூதி அரேபியாவில் அபஹா என்ற ஊரில் கற்றுக்கொண்டது. ஏழு வருஷம் அங்கே நர்ஸாக இருந்தாள். அவள் ஏன் போனாள் என்பதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

லோயிஸின் கணவர் மனுவேல் குந்தா மின்நிலையத்தில் வேலை பார்ப்பவர். கல்யாணமாகி ஐந்து வருஷம் கழித்து அவர்களுக்கு ஒரு பையன் பிறந்தான். மனுவேலின் அப்பா பெயர் பெஞ்சமின். லோயிஸின் அம்மா பெயர் யூனிஸ். அங்கே ஒரு பாதி, இங்கே ஒரு பாதி எடுத்துப் பெனிஸ் என்று பெயர் வைத்தார் மனுவேல். அன்றிலிருந்து மின்நிலையக் குவார்ட்டர்ஸில் லோயிஸை யாரும் லோயிஸ் என்று கூப்பிட்டதில்லை. தண்ணீர்க் குழாயடியிலும் சபையிலும் ரேஷன் கடையிலும் அவள் பெனிஸ் அம்மா. அடுத்த வீட்டு ரேணுகா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கொடுப்பாள்: "பெனிஸம்மோவ், உங்க பையன் எங்க ஊட்டுல சோறு உண்டுபோட்டான், தேடாதீங்க!"

2013ஆம் வருஷம் ஜூன் மாதம், தென்மேற்கு மழை பிடித்துக்கொண்ட ஒரு வியாழக்கிழமை, பெனிஸுக்குக் காய்ச்சல் கண்டது. லோயிஸ் தொட்டுப் பார்த்தாள், மருந்து கொடுத்தாள், சாதாக் காய்ச்சல்தான் என்றாள். மறுநாள் மதியம் பையனுக்கு வலிப்பு வந்தது. மின்நிலையத்தில் வேலையில் இருந்த மனுவேலுக்கு போன் போட்டு, ஜீப் வந்து, ஊட்டிக்குக் கிளம்பினார்கள். மூளைக்காய்ச்சல். ஊட்டி போய்ச் சேர்வதற்குள் அவள் மடியிலேயே மூச்சு அடங்கிவிட்டது. அவனுக்கு மூன்றரை வயது.

அடக்கத்துக்கு மறுவாரம் ரேணுகா சுவரோரம் வந்து நின்று வாயைத் திறந்தாள். 'பெ' என்ற எழுத்து வந்தது. அதற்கு மேல் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "சிஸ்டர், பால் வந்துருச்சுங்க" என்றாள். அன்றிலிருந்து எல்லோருக்கும் அவள் சிஸ்டர் ஆகிவிட்டாள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அந்தப் பெயரைச் சொன்னால் அவள் மனம் நோகும் என்று நினைத்தார்கள். வீட்டுக்குள்ளும் அப்படித்தான். மனுவேல் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. வேறு குழந்தையும் தங்கவில்லை. மூன்று வருஷம் இப்படிக் கழிந்த பிறகு, உடன் படித்த தோழி ஒருத்தி அபஹாவில் நர்ஸ் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றாள். லோயிஸ் கணவரிடம் கேட்டாள்.

"போறதுன்னா போ" என்றார் அவர். அவ்வளவுதான்.

அபஹா அவள் நினைத்த பாலைவனமாக இல்லை. ஏழாயிரம் அடி உயரத்தில் மலை ஊர். விமானத்திலிருந்து இறங்கியபோது சாலையை மறைத்துக்கொண்டு மேகம் இறங்கியிருந்தது. சுவெட்டரைப் பெட்டியில் வைக்காமல் விட்டுவிட்டோமே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

ஆஸ்பத்திரியில் அவள் பெயரைப் பதிவு செய்தவர் முஃப்லிஹ் என்ற குமாஸ்தா. அவர் நீட்டிய படிவத்தில் பெயருக்கு நான்கு கட்டங்கள் இருந்தன. சொந்தப் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர், குடும்பப் பெயர். நம் ஊரில் 'ஞா' என்று ஒற்றை எழுத்தாக நின்ற அவள் அப்பா ஞானசீலன், அங்கே ஒரு முழுக் கட்டத்தில் போய் உட்கார்ந்தார். அவருடைய அப்பா தேவசகாயம் மூன்றாவது கட்டத்தில். லோயிஸ் பிறப்பதற்கு முன்பே இறந்துபோன மனிதர். கடல் தாண்டி வந்து அவர் பெயரை எழுதுவோம் என்று அவள் நினைத்துப் பார்த்ததில்லை.

"குடும்பப் பெயர்?" என்றார் முஃப்லிஹ்.

"இல்லை" என்றாள்.

அவருக்கு நம்ப முடியவில்லை. தன் பெயரை எழுதிக் காட்டினார். முஃப்லிஹ் பின் அலி பின் சயீத் அல்-அஸீரி. பின் என்றால் மகன். அலியின் மகன், அவர் சயீதின் மகன். அபஹா இருக்கும் மலைநாட்டுக்கு அஸீர் என்று பெயர். கடைசியில் வரும் அல்-அஸீரி அதைச் சொல்வது; ஊர்ப் பெயரோடு 'இ' சேர்த்தால் அந்த ஊர்க்காரர். பல குடும்பங்களுக்கு ஊர்ப் பெயரே குடும்பப் பெயராக நின்றுவிட்டது, சிலருக்குக் குலத்தின் பெயர், சிலருக்குத் தொழிலின் பெயர் என்று விளக்கினார்.

"நான் நீலகிரியிலிருந்து வருகிறேன்" என்றாள் லோயிஸ்.

"நீல்கிரி!" என்று முஃப்லிஹ் மேஜையைத் தட்டிச் சிரித்தார். "அதுதான் கடைசியிலேயே 'இ' இருக்கிறதே. உனக்காகவே செய்து வைத்த மாதிரி. லோயிஸ் பின்த் ஞானஸீலான் அந்-நீல்கிரி!"

'ந'வுக்கு முன்னால் அல் என்பது அந் ஆகிவிடும் என்றார். பதிவில் அந்தக் கட்டத்தைக் காலியாகத்தான் விட்டார். ஆனால் பார்க்கும்போதெல்லாம் அப்படியே கூப்பிட்டார்.

வார்டில் வேலை தொடங்கியதும் பெயர் என்பது விளையாட்டு இல்லை என்று புரிந்தது. ஒரே வார்டில் ஐந்து முஹம்மதுகள் இருப்பார்கள். மாத்திரை கொடுக்கும் முன் மணிக்கட்டுப் பட்டையில் நான்கு பெயரையும் படித்துத்தான் கொடுக்க வேண்டும். பெண்கள் கல்யாணமான பிறகும் அப்பா பெயரைத்தான் வைத்திருந்தார்கள். பின்த் என்றால் மகள். நாலு பிள்ளை பெற்று, பேரன் எடுத்த கிழவிக்கும் சீட்டில் இன்னாருடைய மகள் என்றுதான் இருக்கும். கல்யாணத்தின்போது மனுவேலின் அக்கா, அப்பா பெயருக்குப் பதில் புருஷன் பெயரைப் போட்டுக்கொள்ளச் சொன்னதும், இவள் நேரமில்லை என்று தள்ளிப் போட்டதும் நினைவுக்கு வந்தன.

ஆனால் சீட்டில் இருக்கும் பெயரைச் சொல்லி அந்தப் பெண்களை யாரும் அழைப்பதில்லை. மூத்த பிள்ளையின் பெயரோடு உம்மு சேர்த்து அழைப்பார்கள். உம்மு என்றால் அம்மா. ஆண்களானால் அபூ. அதுதான் மரியாதை. வெறும் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது மரியாதைக் குறைவு என்றார்கள். லோயிஸுக்கு இது புதிதாகப் படவில்லை. குந்தா குழாயடியில் கேட்டதுதான்.

அவள் போய் ஆறாம் வருஷம், 2022இல், இடுப்பெலும்பு முறிந்து ஒரு கிழவி வந்து சேர்ந்தாள். சீட்டில் ஃபாத்திமா பின்த் ஹசன். எல்லோருக்கும் உம்மு சாலிம். ஆறு வாரம் படுக்கையில் இருந்தாள். நான்கு மகன்கள் முறை வைத்து வந்து பார்த்தார்கள். மகள் ஹெஸ்ஸா தினமும் ஃபிளாஸ்கில் காபி கொண்டுவந்து நர்ஸுகளுக்கெல்லாம் ஊற்றினாள். உடம்பு துடைத்துவிடும்போது ஒரு நாள் லோயிஸ் சும்மா பேச்சுக்குக் கேட்டாள், இந்த நாலு பேரில் சாலிம் யார் என்று.

"நாலு பேரிலும் இல்லை" என்றாள் கிழவி. "சாலிம் எனக்கு முதல் பிள்ளை. ஏழு வயசில் போய்விட்டான். மழை பெய்தால் மட்டும் தண்ணீர் வருகிற ஆறு எங்கள் கிராமத்தில் உண்டு. ஆடுகளை ஓட்டிக்கொண்டு குறுக்கே இறங்கியிருக்கிறான். மேலே மழை பெய்தது அவனுக்குத் தெரியாது. நாற்பத்தொன்பது வருஷம் ஆகிறது."

லோயிஸின் கையில் ஈரத்துணி அப்படியே நின்றது. தெரியாமல் கேட்டுவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்றாள்.

"எதற்கு மன்னிப்பு? நீ அவன் பெயரைச் சொன்னாய். எனக்கு நல்லதுதானே?" கிழவி தலையணையில் சாய்ந்துகொண்டாள். "சாலிம் என்றால் பத்திரமாக இருப்பவன். அவன் போன புதிதில் அந்தப் பெயரை நினைத்தாலே எனக்குக் கோபம் வரும். அடுத்த பையன் பிறந்ததும், இனி அவன் பெயரால் கூப்பிடட்டுமா என்று என் புருஷன் கேட்டார். நான் சம்மதிக்கவில்லை. என்னை முதலில் அம்மா ஆக்கியவன் சாலிம். அவன் செத்தால் நான் அவன் அம்மா இல்லை என்று ஆகிவிடுமா?"

லோயிஸ் துணியைப் பிழிந்தாள், மறுபடி நனைத்தாள். கிழவி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ உம்மு யார்?"

ஆறு வருஷமாக இந்தக் கேள்விக்கு லோயிஸ் ஒரே பதிலைத்தான் சொல்லி வந்தாள், பிள்ளை இல்லை என்று. அன்று அந்தப் பதில் வரவில்லை.

"பெனிஸ்" என்றாள். ஒன்பது வருஷத்தில் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. பிறகு அரபியும் ஆங்கிலமும் கலந்து, பாதி கைச்சாடையில், பெயருக்குள் இருக்கும் பெஞ்சமினையும் யூனிஸையும் பற்றிச் சொன்னாள். மழையையும் ஜீப்பையும் பற்றிச் சொன்னாள். தான் நர்ஸாக இருந்தும் சாதாக் காய்ச்சல் என்று சொன்னதையும் சொன்னாள்.

கிழவி எல்லாவற்றையும் கேட்டாள். சமாதானம் எதுவும் சொல்லவில்லை. கடைசியில் ஒரே ஒரு காரியம் செய்தாள். தண்ணீர் வேண்டும் என்றாள், இப்படி: "யா உம்மு பெனிஸ், கொஞ்சம் தண்ணீர் கொடு."

லோயிஸ் தண்ணீரைக் கொடுத்துவிட்டு, மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். வலியில் அழுததா என்று கேட்டால் இல்லை என்பாள். ரொம்ப நாள் வெளியூரில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் வருமே ஒரு அழுகை, அது மாதிரி என்பாள். அந்த வாரம் முடிவதற்குள் வார்டு முழுக்க அவள் உம்மு பெனிஸ் ஆகிவிட்டாள். முஃப்லிஹ்கூட அந்-நீல்கிரியை விட்டுவிட்டு உம்மு பெனிஸ் என்றே அழைத்தார்.

அடுத்த வருஷம் ஒப்பந்தம் முடிந்து அவள் குந்தாவுக்குத் திரும்பினாள். மனுவேல் ஸ்டாண்டுக்கு வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டார். சாப்பிட்டியா என்றார். சாப்பிட்டேன் என்றாள். வீடு சுத்தமாக இருந்தது. இரண்டு பேரும் பழையபடி மரியாதையாக, மெதுவாக, எதையும் தொடாமல் வாழத் தொடங்கினார்கள்.

வந்து மூன்று வாரம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ஆராதனை முடிந்து வந்து, மனுவேல் கூடத்தில் உட்கார்ந்து ரேணுகா வீட்டு ஹீட்டரைப் பிரித்துப் போட்டுப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். லோயிஸ் சமையல்கட்டில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். மேஜைமேல் இருந்த போனில் ஹெஸ்ஸாவின் எண்ணிலிருந்து குரல் செய்தி வந்தது. கையெல்லாம் மாவு. முழங்கை ஓரத்தால் ஒரு தட்டுத் தட்டினாள். ஸ்பீக்கரில் கிழவியின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. அரை நிமிஷம் பேசியது, நின்றது.

மனுவேல் ஸ்குரூ டிரைவரைப் பிடித்த கையோடு நிமிர்ந்தார்.

"அந்தம்மா என்னமோ பேரு சொன்னாங்களே."

லோயிஸ் குழாயைத் திறந்தாள்.

"ரெண்டு தடவ சொன்னாங்க. எனக்குக் கேட்டுச்சு."

அவள் கையைக் கழுவிவிட்டு வந்து அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். "ஏனுங்க, அங்க பேரு சொல்லிக் கூப்பிட மாட்டாங்க. பையன் பேரு சொல்லித்தான் கூப்பிடுவாங்க. உம்மு பெனிஸுன்னா பெனிஸோட அம்மா. மொதல்ல சொன்னது என்னையுங்க."

"ரெண்டாவது?"

"அபூ பெனிஸுன்னு சொன்னாங்க. அது உங்களையுங்க. பெனிஸோட அப்பா சௌக்கியமா இருக்காரான்னு கேக்கறாங்க."

மனுவேல் ஹீட்டரின் கம்பிச்சுருளைக் கையில் எடுத்தார், வைத்தார். மறுபடி எடுத்தார்.

"இன்னொருக்கா போடு" என்றார்.

அவள் போட்டாள். அபூ பெனிஸ் என்று வந்த இடத்தில் அவர் முகம் கோணியது. பிறகு, யாரிடமும் பத்து வருஷமாகச் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

"அன்னிக்கு நீ போன் பண்ணினப்ப ஜீப்பு கெடைக்கலைன்னு சொன்னேன் பாரு. ஜீப்பு வாசல்லயேதான் நின்னுது லோயிசு. எனக்கு மாத்து ஆளு வரலை. அவன் வரட்டும், ஒப்படைச்சுட்டுப் போலாம்னு நின்னேன். நாப்பது நிமிஷம். காய்ச்சலுக்குத்தானே, இவ பயந்துக்கறான்னு நெனச்சேன். உன்ற மூஞ்சியப் பாக்க முடியலை எனக்கு. நீ போறேன்னதும், என்னைய விட்டு ஒழிஞ்சு போறதுக்குத்தான் போறேன்னு நெனச்சுட்டேன்."

லோயிஸ் அவர் கையிலிருந்து கம்பிச்சுருளை வாங்கிக் கீழே வைத்தாள். நர்ஸாக இத்தனை வருஷம் பார்த்தவள் அவள். எந்த நிலையில் என்ன செய்ய முடியும் என்று தெரியும்.

"அந்த நாப்பது நிமிஷத்துல எதுவும் மாறியிருக்காதுங்க. நான் சத்தியமாச் சொல்றேன். வலிப்பு வந்தப்பவே கை மீறிப் போயிருச்சு. முந்தின நாளு சாதாக் காய்ச்சல்னு சொன்னது நானுங்க. அதுக்குத்தான் நீங்க பேசாம இருக்கீங்கன்னு நெனச்சேன் நானு."

"மொத நாளு யாருக்குத் தெரியும் அது? டாக்டருக்கே தெரிஞ்சிருக்காது" என்றார் மனுவேல். உடனே சொன்னார், யோசிக்காமல் சொன்னார். அவர் ஒரு நாள்கூட அவளைக் குற்றமாக நினைத்ததில்லை என்று அந்த வேகத்திலேயே அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

சாயந்தரம் வரை இரண்டு பேரும் பெனிஸைப் பற்றியே பேசினார்கள். சப்பாத்தி மாவு காய்ந்து ஆடை கட்டிவிட்டது.

பையனின் கல்லறைக்கு அதுவரை கல் வைக்கவில்லை. ஒரு மரச்சிலுவைதான். கல்லறைத் தோட்டத்துக்குள் வருகிற காட்டெருமை ஒன்று உரசி, அதுவும் சாய்ந்து கிடந்தது. அடுத்த வாரம் இரண்டு பேரும் குன்னூரில் கல் செதுக்குபவரிடம் போனார்கள். அவர் காகிதத்தை எடுத்து, "பையன் பேரு பெனிஸ். இனிஷியல் என்னங்க, எம்முங்களா?" என்று கேட்டார்.

மனுவேல் கொஞ்சம் யோசித்தார். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து லோயிஸ் சொல்லிச் சொல்லி அந்த நான்கு கட்டங்கள் அவருக்கும் தெரிந்திருந்தன.

"இனிஷியல் வேண்டாமுங்க. என்னைய ஒத்த எழுத்துல அடைக்காதீங்க. முழுசாப் போடுங்க. பெனிஸ், மனுவேல் மகன், பெஞ்சமின் பேரன்." பிறகு மனைவியைப் பார்த்தார். "அதுக்குக் கீழ அதே அளவுல இன்னொரு வரி. லோயிஸ் மகன், யூனிஸ் பேரன்."

கல் வைத்த அன்று போதகர் வந்து ஜெபம் செய்தார். குவார்ட்டர்ஸிலிருந்து பத்துப் பதினைந்து பேர் குடையோடு வந்திருந்தார்கள். ஜெபம் முடிந்தது. லோயிஸ்தான் முதலில் பேசினாள். "எல்லாரும் பெனிஸுக்காக வந்தீங்க. ஊட்டுக்கு வாங்க, காபி குடிச்சுட்டுப் போலாம்." அந்தப் பெயர் அவள் வாயிலிருந்து வந்ததும் ரேணுகா அவளைக் கட்டிக்கொண்டு, "பெனிஸம்மா, பெனிஸம்மா" என்று இரண்டு மூன்று தடவை சொன்னாள்.

வீட்டில் காபி குடிக்கும்போது அது தொடங்கியது. ஒவ்வொருவரிடமும் பெனிஸைப் பற்றி ஏதோ ஒன்று இருந்தது. சொன்னால் இவர்கள் தாங்க மாட்டார்கள் என்று பத்து வருஷமாக அடக்கி வைத்திருந்தார்கள். ஞாயிறு பள்ளி டீச்சர் ஞானசுந்தரி, அவன் காணிக்கைப் பையில் கோலிக்குண்டு போட்டதைச் சொன்னாள். மின்நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்ற வேலுசாமி, அடுத்து ஆரம்பித்தார்.

"ஒருக்கா உங்க பையன் பவர் ஹவுஸ் கேட்டுக்கிட்ட நின்னுட்டு, நீங்க என்ன வேலை பண்றீங்க மாமான்னு கேட்டானுங்க. கோயமுத்தூருக்கே நாந்தான் லைட்டு போடறேன்னு சொல்லி வெச்சேன். நம்பிப்போட்டான். அப்பறம் ஒரு நாள் குவார்ட்டர்ஸுல கரண்டு போயிருச்சுங்க. இவன் தனியா வந்து, இடுப்புல கைய வெச்சுட்டு, கோயமுத்தூருக்கெல்லாம் போடறீங்க, எங்க ஊட்டுக்குப் போட மாட்டீங்களான்னு என்னையத் திட்றானுங்க!"

மனுவேல் வாய்விட்டுச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தார். லோயிஸ் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"அப்ப என்ன சட்டை போட்டிருந்தானுங்க?"

வேலுசாமி நெற்றியைச் சுருக்கி யோசித்தார்.

"செவப்புச் சட்டைங்க. மேல் பட்டன் இல்லாம இருந்துச்சு" என்றார்.